டிரையம்ப் ஸ்பிட்ஃபையரில் பின்பக்க ஆக்சிலும் டிஃபரன்ஷியலும் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, பெரம்பூர், மூலக்கடை பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்து கேட்பதும் போனில் கேட்பதும் பெரும்பாலும் இதே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சொல்வது டிரையம்ப் ஸ்பிட்ஃபையர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்து. அதே குடும்பத்து ஜி.டி.6, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். முதலிலேயே ஒன்று: இந்தக் காரில் டிஃப் (இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல்), ஆக்சில் ஷாஃப்ட் (டிஃப்பிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு), ஸ்பிரிங் பட்டை மூன்றையும் ஒன்றாகத்தான் யோசிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பெரிதாக்கிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டால் போட்ட பணமும் வீண், சில சமயம் ஆபத்தும்கூட.

ஸ்பிட்ஃபையருக்கு ஹெரால்டு மெக்கானிக் போதுமா?

தாராளமாகப் போதும். 1962-இல் வந்த ஸ்பிட்ஃபையர், ஹெரால்டின் சேஸியைச் சுருக்கி அதே முன்பின் அமைப்பை வைத்துச் செய்த கார். ஹெரால்டோ நம்ம ஊர்க் கார், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனியில் 1961 முதல் தயாரானது. சேஸியில் நிற்கும் டிஃப், அதன் தலைமேல் குறுக்கே ஒரே ஸ்பிரிங் பட்டை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு யு.ஜே. கிராஸோடு (தண்டை மடங்கியபடியே சுழலவிடும் யுனிவர்சல் ஜாயின்ட்) ஆடும் ஷாஃப்ட் என்று இரண்டிலும் ஒரே கதைதான். ஹெரால்டில் கைபட்ட பெரியவர் யாராவது கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய சொகுசுக் கார் சர்வீஸ் செய்யும் ஏ.சி. ஷோரூம் இதற்கு உதவாது.

ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எதற்காக மாற்ற வேண்டும்?

நியாயமான காரணங்கள் மூன்று. இன்ஜினை 1147 சி.சி.-யிலிருந்து 1296-க்கோ 1493-க்கோ மாற்றியிருக்கிறீர்கள், பழைய ஷாஃப்ட் அந்த இழுப்பைத் தாங்குமா என்று சந்தேகம். இல்லை, ஹைவேயில் 80 போனாலே இன்ஜின் கத்துகிறது. இல்லை, டிஃப் ஊளையிடுகிறது, எப்படியும் இறக்கத்தான் போகிறீர்கள்.

இதில் முதல் காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அம்பாசடர் மாதிரிக் கார்களில் ஆக்சிலைச் சுற்றி ஒரு கனமான ஹவுசிங் இருக்கும், வண்டியின் பாரத்தை அதுதான் சுமக்கும். ஸ்பிட்ஃபையரில் அந்த ஹவுசிங் கிடையாது. சக்கரத்தைச் சுற்றுவதும் ஷாஃப்ட்தான், வளைவில் பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்குவதும் ஷாஃப்ட்தான், சக்கரத்தைக் காரோடு பிடித்து வைத்திருப்பதும் அதே ஷாஃப்ட்தான். அது ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பக்கம், சாவிக்காடி (ஹப்பைப் பூட்டும் சாவிக்கான பள்ளம்) இருக்கும் இடத்தில் உடைந்தால் சக்கரம் ஹப்போடு கழன்று போய்விடும். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி ஓடும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் நான் யாரிடமும் முதலில் ரேஷியோவைப் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து டிஃப்புக்கு வரும் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு) பற்றிப் பேசுவதில்லை, ஷாஃப்ட்டைப் பற்றித்தான் பேசுவேன்.

அண்ணா, எந்த ரேஷியோ டிஃப் போடலாம்?

எங்கே ஓட்டுகிறாய் என்பதைப் பொறுத்தது, தம்பி. ஸ்பிட்ஃபையர் மார்க் 1, 2, 3 மூன்றிலும் 4.11 வந்தது. மார்க் 4-இல் 3.89. ஸ்பிட்ஃபையர் 1500-இல் 3.63. ஆறு சிலிண்டர் ஜி.டி.6-இல் பரவலாக வந்தது 3.27. பழைய 948 சி.சி. ஹெரால்டில் 4.875 இருந்தது. எண் குறையக் குறைய அதே வேகத்துக்கு இன்ஜின் மெதுவாகச் சுற்றும், ஆனால் இழுவை குறையும்.

155 அளவு 13 இஞ்ச் டயர், டாப் கியர், 80 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் 4.11-க்கு இன்ஜின் சுமார் 3,100 சுற்று சுற்றும், 3.89-க்கு சுமார் 2,950, 3.63-க்கு சுமார் 2,750, 3.27-க்கு சுமார் 2,480. கேட்க 3.27 ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 1300 இன்ஜினோடு அதைப் போட்டுவிட்டு மூலக்கடை சிக்னலில் நின்று கிளம்பிப் பாருங்கள், கிளட்ச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டேதான் கிளம்ப வேண்டும். பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் நெரிசலில் ஏறுவது அதைவிடக் கொடுமை. வடசென்னைக்குள் ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம், சோழவரம் வரை போகிறவருக்கு 1300 இன்ஜின் என்றால் 3.89, 1500 இன்ஜின் என்றால் 3.63. ஜி.டி.6 இன்ஜின் இருந்தால்தான் 3.27. இது என் கருத்துதான், ஆனால் இதிலிருந்து நான் இறங்கி வருவதாக இல்லை.

என் காரில் இப்போது இருப்பது எந்த ரேஷியோ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டிஃப் உடம்பில் குத்தியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஐம்பது வருஷத்தில் உள்ளே யார் எதை மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள், மற்றது தரையில் இருக்கட்டும், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள், கியர் நியூட்ரலில். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள், ஒருவர் கீழே புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் (கியர்பாக்ஸிலிருந்து டிஃப்புக்கு வரும் தண்டு) சாக்பீஸ் கோடு போட்டு எண்ணட்டும். ஒரு சக்கரம் நிற்கும்போது மற்றது இரட்டிப்பாகச் சுற்றும், அதனால்தான் இரண்டு சுற்று. புரொப்பெல்லர் நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வந்தால் 4.11, நாலு சுற்றுக்குக் கொஞ்சம் குறைந்தால் 3.89, மூன்றரையைத் தாண்டினால் 3.63, மூன்றேகால் என்றால் 3.27.

டிஃப் கழற்றிய நிலையில் கிடைத்தால் கிரவுன் (பெரிய பல்சக்கரம்) பல்லை எண்ணி பினியன் (அதைச் சுற்றும் சின்ன பல்சக்கரம்) பல்லால் வகுத்தாலே போதும். 37-க்கு 9 என்றால் 4.11, 35-க்கு 9 என்றால் 3.89, 29-க்கு 8 என்றால் 3.63.

ஷாஃப்ட்டில் குட்டை, நீளம் என்கிறார்களே, அது என்ன?

1973 மாடலில் பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தைச் சுமார் 2 இஞ்ச் கூட்டினார்கள், பக்கத்துக்கு ஒரு இஞ்ச் ஷாஃப்ட் நீண்டது. கார் வளைவில் நிதானமாக நிற்கும். கிடைத்தால் நீள ஷாஃப்ட்டே வாங்குங்கள். ஆனால் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை என்று கலக்கவே கூடாது. ஷாஃப்ட்டை மட்டும் வாங்காமல் ஹப், வெர்டிக்கல் லிங்க் (ஹப்பைத் தாங்கும் நிமிர்ந்த துண்டு), பிரேக் பிளேட் எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து முழு செட்டாக வாங்கினால் அளவு தலைவலி மிச்சம். பின்பக்கம் இறங்கிய காராக இருந்தால் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று ஆள் உட்கார வைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது நீடில் ரோலர் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்) ஓடும் இடம். அந்த பேரிங்குக்கு உள் வளையம் கிடையாது, ஷாஃப்ட்டின் மேல்பரப்பிலேயேதான் உருளும். கிரீஸ் இல்லாமல் ஓடியிருந்தால் அங்கே நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். அப்படி இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், புது பேரிங் போட்டாலும் நிற்காது.

வெளிநாட்டில் வாங்கினால் கப்பல் செலவே அதிகம். இங்கே லேத்தில் ஷாஃப்ட் அடித்துக்கொள்ளலாமா?

செய்யலாம், எல்லா லேத்திலும் முடியாது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, செம்பியத்தில் சிம்சன், பெரம்பூரில் ரயில்வே பட்டறை என்று இத்தனை இருக்கிற பகுதியில் நல்ல கைகளுக்குப் பஞ்சம் கிடையாது. பிரச்சினை கடைசலில் இருக்காது, இரும்பிலும் சூட்டுப் பதத்திலும்தான் இருக்கும்.

இ.என். 8 என்ற சாதாரண கார்பன் ஸ்டீல் கம்பியில் செய்து தருகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குறைந்தது இ.என். 24 என்ற பலமான அலாய் ஸ்டீல் வேண்டும், அதுவும் கடைசலுக்குப் பிறகு முறையாக ஹீட் ட்ரீட்மென்ட் ஆக வேண்டும். நீடில் ரோலர் ஓடும் பகுதிக்குத் தனியாக இண்டக்‌ஷன் ஹார்டனிங்கோ நைட்ரைடிங்கோ செய்து, அதன் பிறகு கிரைண்டிங் செய்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தடிமன் மாறும் இடங்களில் கூர்மையான மூலை இருக்கக் கூடாது, வளைவாக இறங்க வேண்டும், ஏனென்றால் விரிசல் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கும். ஹப் பக்க டேப்பர் பழைய ஹப்போடு நீல மை தடவிப் பார்த்தால் சுற்றிலும் ஒட்ட வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒரு விரிசல் சோதனை, சிவப்புச் சாயம் தடவி வெள்ளைப் பொடி தெளிக்கும் அந்தச் சாதாரணச் சோதனையாவது வேண்டும். இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டு கடினத்தன்மை ரிப்போர்ட்டும் தருகிற பட்டறை கிடைத்தால் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் கப்பல் செலவு கொடுத்து வாங்குவதே மேல்.

ஸ்விங் ஸ்பிரிங் என்பது என்ன? அதையும் மாற்றணுமா?

ஆமாம், என் மனசுக்கு இந்த மாற்றத்தில் முதல் மதிப்பெண் அதற்குத்தான். பழைய ஸ்பிட்ஃபையரில் பட்டைகள் எல்லாம் டிஃப் தலையில் இறுக்கமாகப் பூட்டியிருக்கும். வேகமாக வளைவில் போய்ப் பயந்து ஆக்சிலரேட்டரை டக்கென்று விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், டயர் விளிம்பில் மட்டும் நிற்கும், கார் சுழன்றுவிடும். இந்தக் குணத்தால் கெட்ட பெயர் வாங்கிய அமைப்பு இது. 1970-இல் வந்த மார்க் 4-இல் ஒரு பட்டையை மட்டும் டிஃப்போடு இறுக்கிவிட்டு மற்ற பட்டைகளை நடுவில் ஆட விட்டார்கள். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கத்தைத் தூக்காது, சக்கரம் மடங்குவது வெகுவாகக் குறைந்தது. சின்ன மாற்றம்தான், ஆனால் அதைச் செய்தவர் மூளைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்விங் ஸ்பிரிங் போட்டால் பின்பக்கம் சாய்வைத் தடுக்கும் பலம் குறையும், அதை ஈடுகட்ட முன்பக்க ஆன்டி ரோல் பாரும் தடிமனாக வேண்டும். மார்க் 4-இல் கம்பெனியே அப்படித்தான் செய்தது. பாரை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் கார் தொட்டில் மாதிரி ஆடும்.

ஜி.டி.6-இன் ரப்பர் கப்ளிங் ஷாஃப்ட் இன்னும் நல்லது என்கிறார்களே?

ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற அந்த அமைப்பு 1968-இல் ஜி.டி.6 மார்க் 2-இல் வந்தது, கீழே தனி விஷ்போனும் உண்டு. ஓட்டத்தில் ஸ்விங் ஆக்சிலைவிட உயர்ந்ததுதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் சேஸியில் புதுப் பிராக்கெட் வேண்டும், அந்த ரப்பர் வளையம் ஆயிலும் வெயிலும் பட்டால் பிளந்துவிடும், மாட்டுவதும் பெரிய இம்சை. நம் ஊர் வெயிலுக்கு ஸ்விங் ஸ்பிரிங்கே போதும்.

பத்மினி ஆக்சிலை அப்படியே அடியில் மாட்டிவிட்டால் என்ன?

வேண்டாம். ஸ்டாண்டர்டு கம்பெனியே பின்னாளில் கெஸல் காரில் லைவ் ஆக்சில் (அம்பாசடர் மாதிரி ஹவுசிங்கோடு ஒரே துண்டாக இருக்கும் ஆக்சில்) போட்டது உண்மை, அதைச் சொல்லித்தான் பலர் வாதாடுகிறார்கள். ஆனால் அது தொழிற்சாலை செய்த வேலை. ஸ்பிட்ஃபையர் சேஸியில் லைவ் ஆக்சிலைத் தாங்க இடமே கிடையாது, வெட்டி ஒட்டித்தான் பிராக்கெட் வைக்க வேண்டும். சேஸியை வெட்டினால் இன்னொரு சிக்கலும் உண்டு. 2021-இல் வந்த மத்திய அரசின் விண்டேஜ் வாகன விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த கார் அந்தப் பதிவைப் பெற வேண்டுமானால் சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதே குடும்பத்து டிஃப்பையும் ஷாஃப்ட்டையும் போல்ட் போட்டு மாட்டினால் நாளைக்குப் பழையபடி திருப்பிக்கொள்ளலாம். வெட்டிய சேஸியைத் திருப்ப முடியாது.

டிஃப் சத்தம் போடுகிறது. பிரித்துப் பார்க்கலாமா?

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளை, விட்டால் நின்றுவிடுகிறது, அல்லது அதற்கு நேர்மாறு என்றால் கிரவுன் பினியன் பல் பிடிப்பு சரியில்லை. வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் உறுமினால் ஹப் பேரிங்கைப் பாருங்கள். கிளம்பும்போது 'டக்' என்று ஒரு அடி என்றால் அநேகமாக யு.ஜே. கிராஸ், இல்லையென்றால் டிஃப்பைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ். இவற்றுக்கெல்லாம் டிஃப்பைப் பிரிக்கத் தேவையில்லை.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் டயல் கேஜ் வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுங்கள். இந்த டிஃப்பில் கிரவுன் பினியன் பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) 4 முதல் 6 தவ் (இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்), அதாவது 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்கிற அளவா இது? பினியன் உயரத்துக்கு ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), இரண்டு பக்க பேரிங்குக்கும் ஷிம், எல்லாம் மைக்ரோமீட்டரில் அளந்துதான் போட வேண்டும். பல்லில் மை தடவிச் சுற்றினால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். கிரவுனும் பினியனும் ஜோடியாக உரசிப் பழகியவை, ஒரு டிஃப் கிரவுனை இன்னொரு டிஃப் பினியனோடு சேர்த்தால் ஊளை நிச்சயம். புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்குகிறவர்களும் இதை மறக்காதீர்கள், ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மாற்றும் வேலையை வீட்டு வாசலில் செய்ய முடியுமா?

தரை சமமாக, சிமென்ட்டாக இருந்தால் முடியும். இரண்டு பேர் வேண்டும். சேஸிக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள், செங்கல் அடுக்குவது வேண்டவே வேண்டாம். சைலன்சர் பைப்பை இறக்குங்கள், புரொப்பெல்லரை அடையாளம் போட்டுக் கழற்றுங்கள், பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ரேடியஸ் ஆர்ம் (சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பி) எல்லாம் விடுவியுங்கள். ஷாக் அப்சார்பரைக் கழற்றும் முன் வெர்டிக்கல் லிங்குக்குக் கீழே ஜாக்கி கொடுத்துவிடுங்கள், சக்கரம் கீழே இறங்காமல் பிடித்திருப்பது அந்த ஷாக் அப்சார்பர்தான், கழற்றியதும் ஸ்பிரிங் பலத்தோடு படாரென்று இறங்கும், கை நடுவில் இருந்தால் போச்சு. ஸ்பிரிங் நட்டுகளுக்கு வழி காருக்குள்ளே, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடியைக் கழற்றினால் தெரியும். டிஃப் முன்னால் இரண்டு இடத்திலும் பின்னால் ஒரு நீள போல்ட்டிலும் நிற்கும், இறக்கும்போது அடியில் ஜாக்கி இருக்கட்டும், மல்லாந்து படுத்துக்கொண்டு மார்பில் வாங்கப் பார்க்காதீர்கள்.

நம் பக்கத்துக் கடல் காற்றுக்கு அந்த நீள போல்ட் புஷ்ஷோடு சேர்ந்து துருப்பிடித்திருக்கும். காசிமேடு, ராயபுரம் பக்கம் வெளியில் நிறுத்துகிற கார் என்றால் கேட்கவே வேண்டாம். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள்.

மாட்டும்போது இரண்டு விஷயம். டிஃப்பின் முன் ஃபிளேஞ்ச் மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் புரொப்பெல்லரோடு துளைகள் சேர்கிறதா என்று காரைப் பிரிக்கும் முன்பே வைத்துப் பாருங்கள். அப்புறம், ஸ்பிரிங் முனை போல்ட்டையும் ரேடியஸ் ஆர்ம் போல்ட்டையும் கார் தரையில் இறங்கித் தன் பாரத்தில் நின்றபின்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டுக்கு அடியில் உள்ள ஷிம்தான் பின் சக்கரத்தின் நேர்க்கோட்டைத் தீர்மானிக்கிறது, எந்தப் பக்கம் எத்தனை ஷிம் இருந்தது என்று எழுதி வையுங்கள்.

ஹப் கழல மாட்டேன் என்கிறது, சுத்தியலால் அடிக்கலாமா?

கூடாது. இது டேப்பரில் இறுகி உட்கார்ந்திருக்கும் ஹப், சாதாரண மூன்று கால் புல்லர் போட்டால் ஹப் விளிம்பு வளையும். வீல் ஸ்டட் நாலையும் பிடிக்கிற கனமான புல்லர் வேண்டும், கிடைக்காவிட்டால் ஷாஃப்ட்டோடு எடுத்துப்போய் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கொடுங்கள். திருப்பி மாட்டும்போது டேப்பர் துளி எண்ணெய்கூட இல்லாமல் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், சாவி புதிதாக இருக்க வேண்டும், நட்டை டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்க வேண்டும். இந்த நட்டு தளர்ந்தால்தான் சாவிக்காடி தேய்ந்து, நான் மேலே சொன்ன உடைப்பு வருகிறது.

என்ன ஆயில், எவ்வளவு?

80டபிள்யூ-90 ஹைப்பாய்டு கியர் ஆயில். கொள்ளளவு சுமார் 0.57 லிட்டர்தான், கார் சமமாக நிற்கும்போது பக்கவாட்டுத் துளையில் வழியும்வரை ஊற்றினால் சரி. இவ்வளவு கொஞ்சம் இருப்பதால் ஒரு சீல் கசிந்தாலே டிஃப் வறண்டுவிடும். கழற்றியிருக்கும்போதே மூன்று சீலையும் மாற்றிவிடுங்கள்.

மழைக்காலத்தில் வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறியிருந்தால் மறுநாளே ஆயிலைப் பாருங்கள். சூடான டிஃப் தண்ணீரில் சட்டென்று ஆறும்போது காற்றுத் துளை வழியாக உள்ளே உறிஞ்சும். ஆயில் பால் கலந்தது போல் இருந்தால் மொத்தமாக உறிஞ்சி எடுத்துப் புதிது விடுங்கள்.

எல்.எஸ்.டி. போடலாமா? பல்லை வெல்டு செய்துவிட்டால் மலிவாச்சே?

பந்தயத்துக்குப் போகிறவருக்கு எல்.எஸ்.டி. (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃப்) சரி. ரோட்டில் ஓட்டும் 1500-க்குத் தேவைப்படாது. வெல்டு செய்வது ரோட்டுக் காருக்கு ஆகவே ஆகாது, தெருமுனை திரும்பும்போதெல்லாம் இரண்டு ஷாஃப்ட்டும் முறுக்கப்படும்.

மாற்றியபின் ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டுமா?

காட்டாது. கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது, டிஃப் மாறியது அதற்குத் தெரியாது. 4.11 எடுத்துவிட்டு 3.63 போட்டால் நிஜமாக 80 போகும்போது முள் 71-க்குப் பக்கத்தில் நிற்கும். குறைத்துக் காட்டுவதால் இது ஆபத்தான பிழை. மீட்டர் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துத் திருத்துங்கள், அதுவரை போனில் ஜி.பி.எஸ். பார்த்து ஓட்டுங்கள்.

முதல் ஓட்டம் எப்படி?

முதலில் தெருவுக்குள் இரண்டு சுற்று, திரும்பி வந்து டிஃப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கலாம், கை வைக்கவே முடியாத அளவு கொதித்தால் பினியன் பேரிங் இறுக்கம் அதிகம். அப்புறம் மாதவரம் வழியாகச் செங்குன்றம் வரை, 60-க்குள், ஒரே வேகத்தில் பிடித்து வைக்காமல் ஏற்றி இறக்கி. வீட்டுக்கு வந்ததும் உள் ஃபிளேஞ்ச் போல்ட் எட்டும், புரொப்பெல்லர் போல்ட் நாலும், ஹப் நட்டு இரண்டும் மறுபடி டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள். புது கிரவுன் பினியன் என்றால் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். டிரெயின் பிளக் இல்லாத டிஃப் என்றால் ஊற்றும் துளை வழியாகச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மாவு போல மினுமினுப்பு இருந்தால் கவலை வேண்டாம், நகத்தில் தட்டுப்படுகிற துணுக்கு வந்தால் காரை அன்றைக்கே நிறுத்திவிட்டு டிஃப்பை இறக்குங்கள்.